ரைஃபிளுக்கு ரெட் டாட் சைட்: எதை முதலில் முடிவு செய்வது, எதைக் கடைசியில்

ரெட் டாட் சைட் வாங்கும் புதியவர்கள் பலரும் கடைசி வேலையை முதலில் செய்துவிடுகிறார்கள். ஒரு மாடல் பிடித்துப்போகிறது, வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் அதை ரைஃபிளில் பிடித்து நிறுத்தும் மவுண்ட் தேடுகிறார்கள். மாட்டிப் பார்த்தால் உயரம் ஒத்துவரவில்லை. ரேஞ்சுக்குப் போனால் புள்ளி வட்டமாகவே தெரியவில்லை. இதில் எதுவும் சைட்டின் குற்றம் இல்லை, வரிசை தப்பியதன் விளைவு.

இங்கே வரிசை இப்படிப் போகிறது: தூரம், கண், ரெயில் (ரைஃபிளின் மேல் மவுண்ட் உட்காரும் தடம்), உயரம், வகை, புள்ளியின் அளவு, பேட்டரி, உதைப்பு. இவை முடிவானால் மாடல் தானாகவே இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

ஒரு குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடலாம். இது லேசர் பாயின்டர் இல்லை, இலக்கின் மேல் எந்தச் சிவப்புப் புள்ளியும் விழாது. உள்ளே இருக்கும் சிறிய எல்.இ.டி.யின் ஒளி, பூச்சு பூசிய வளைந்த லென்ஸில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணுக்கு வருகிறது. அதனால் புள்ளி தொலைவில், இலக்கின் மேல் மிதப்பதுபோல் உங்களுக்கு மட்டும் தெரிகிறது. உருப்பெருக்கமும் கிடையாது. வெறும் கண்ணுக்குத் தெரியாத இலக்கு இதன் வழியாகவும் தெரியாது.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ரைஃபிள், அதன் கையேடு, ஒரு வெர்னியர் அல்லது நல்ல அளவுகோல், கேமரா உள்ள போன். கண்ணாடி அணிபவர் என்றால் சுடும்போது போடும் அதே கண்ணாடி. கீழே சொல்லும் ஒவ்வொரு சோதனைக்கும் முன் மேகசினைக் கழற்றி, சேம்பரை (குழலில் தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு, காலி என்று உறுதிசெய்யுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

போட்டிக்காக வாங்குகிறீர்கள் என்றால் விதிப் புத்தகத்தையும் பாருங்கள். சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி நடக்கும் 10 மீட்டர், 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் ரெட் டாட்டுக்கு இடமே இல்லை. ஓடி நகர்ந்து சுடும் ஐ.பி.எஸ்.சி. போட்டிகளில் ரைஃபிளில் ரெட் டாட் மாட்டினால் நீங்கள் சுட வேண்டிய பிரிவே மாறும். வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்டவர்களும் உண்டு.

1. எவ்வளவு தூரம், எவ்வளவு பெரிய இலக்கு

ஒரு தாளில் இரண்டே வரி எழுதுங்கள். பத்தில் எட்டு முறை எந்தத் தூரத்தில் சுடுவீர்கள்? அந்த இலக்கின் அகலம் எத்தனை செ.மீ.? அடுத்து வரும் எல்லா முடிவுக்கும் இந்த இரண்டு எண்ணும் வேண்டும்.

ரெட் டாட்டின் பலம் வேகம். இரண்டு கண்ணையும் திறந்துவைத்து, பார்வையை இலக்கின் மேல் வைத்தபடியே சுடலாம். 10 முதல் 100 மீட்டர் வரை, கையகல இலக்குகளை அடுத்தடுத்துச் சுடுவதற்கு இதை மிஞ்ச ஆள் இல்லை. அதே 100 மீட்டரில் நாணயம் அளவுக்குக் குழு போட வேண்டும், அதாவது எல்லாக் குண்டும் அந்த இடத்துக்குள் விழ வேண்டும் என்றால் உங்களுக்குத் தேவை ஸ்கோப். இந்தப் படியிலேயே அது தெரிந்துவிட்டால் நல்லது, மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

2. கண்ணைச் சோதியுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான். ஒருவர் புள்ளி கமா வடிவில் தெரிகிறது என்று ஒரு சைட்டைத் திருப்பிக் கொடுத்தார். மாற்றி வாங்கியதிலும் கமாதான். மூன்றாவதாக என்னுடையதை வாங்கிப் பார்த்தார், அதிலும் கமா. இரண்டு சைட்டிலும் பழுது எதுவும் இல்லை. அவருக்கு அஸ்டிக்மாடிசம் இருந்தது, அதாவது கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரேபோல் இல்லை. இப்படி உள்ளவர்களுக்குப் புள்ளி நட்சத்திரமாக, கோடாக, திராட்சைக் கொத்தாகத் தெரியும். அன்றாட வேலையில் தெரியாத அளவு சின்னக் கோளாறுகூட, ஒளிரும் புள்ளியைப் பார்க்கும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

சோதனை எளிது. யாரிடமாவது ஒரு ரெட் டாட்டைக் கேட்டு வாங்குங்கள். ரைஃபிளில் மாட்டாமல், வெறும் சைட்டைக் கையில் பிடித்துப் பாருங்கள்.

முதலில் வெளிச்சத்தைக் குறையுங்கள். அதிக வெளிச்சத்தில் யாருக்கும் புள்ளி சிதறும். குறைத்த பிறகும் வால் முளைத்திருந்தால், சைட்டை அதன் நீளவாக்கில் மெல்லச் சுழற்றுங்கள். சைட் சுழன்றும் வால் அதே பக்கம் நின்றால், அது உங்கள் கண். சைட்டோடு வாலும் சுழன்றால் கோளாறு சைட்டில். பிறகு போன் கேமராவை லென்ஸுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் தீர்ப்பு உறுதி.

கண்தான் காரணம் என்றால் வழி இல்லாமல் இல்லை. சிலிண்டர் பவர் சேர்த்த கண்ணாடி போட்டுப் பாருங்கள், பலருக்கு அதிலேயே தீர்ந்துவிடும். சிலருக்குச் சிவப்பைவிடப் பச்சை கூர்மையாகத் தெரியும். எதுவும் ஒத்துவராவிட்டால் பிரிஸம் சைட்டுக்குப் போங்கள். அதில் குறி கண்ணாடியிலேயே செதுக்கப்பட்டிருக்கும், பின்பக்க வளையத்தைத் திருகி உங்கள் பார்வைக்கு ஏற்பக் கூர்மையாக்கவும் முடியும்.

3. ரைஃபிளின் மேல் என்ன ரெயில் இருக்கிறது

மேல்பக்கத்தைப் பாருங்கள். குறுக்கே வரிசையாக வெட்டுகள் இருந்தால் பிக்காட்டினி அல்லது வீவர். இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வெர்னியரை வெட்டுக்குள் விடுங்கள். பிக்காட்டினியின் வெட்டு 5.23 மி.மீ. அகலம், நடுவிலிருந்து நடுவுக்கு 10.01 மி.மீ. இடைவெளி. வீவர் வெட்டு 4.57 மி.மீ., இடைவெளிக்கு நிலையான கணக்கு கிடையாது. வீவருக்கான மவுண்ட் பிக்காட்டினியில் உட்கார்ந்துவிடும். பிக்காட்டினி மவுண்டின் குறுக்குக் கட்டை வீவர் வெட்டுக்குள் இறங்காது. இதை ராவித் தேய்த்து இறக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், வேண்டாம்.

குறுக்கு வெட்டு இல்லாமல் நீளவாக்கில் இரண்டு பள்ளம் மட்டும் ஓடினால் அது டவ்டெயில். ஏர் ரைஃபிளிலும், .22 ரிம்ஃபயர் என்னும் சிறிய தோட்டா ரைஃபிளிலும் 11 மி.மீ. டவ்டெயில்தான் சகஜம். இதில் குறுக்குத் தடை இல்லாததால், உதைப்பில் சைட் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். தடுப்பு ஊசி உள்ள மவுண்ட் கிடைத்தால் அதையே எடுங்கள்.

ஒன்றுமே இல்லாமல் நான்கு திருகுத் துளைகள் மட்டும் தெரிந்தால், உங்கள் ரைஃபிள் மாடலுக்கென்றே வரும் ரெயிலை முதலில் வாங்க வேண்டும். சைட் அதற்கு அப்புறம்.

சைட்டின் அடிப்பகுதிக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். குழாய் வடிவச் சிறிய சைட்டுகளில் பெரும்பாலானவை எய்ம்பாயின்ட் நிறுவனத்தின் மைக்ரோ சைட்டின் துளை அமைப்பையே பின்பற்றுகின்றன, அவற்றுக்கு மவுண்ட் எளிதில் கிடைக்கும். கைத்துப்பாக்கிக்கான குட்டி சைட்டுகளில் டாக்டர் (Docter), ஆர்.எம்.ஆர். (RMR) என்று துளை அமைப்புகள் வேறு, ஒன்றின் மவுண்ட் மற்றொன்றுக்குச் சேராது. சைட்டின் பெயரைப் பார்த்து மவுண்ட் வாங்காதீர்கள், துளை அமைப்பின் பெயரைப் பாருங்கள்.

4. உயரம்

நான் அதிகம் பார்த்த தடுமாற்றம் இங்கேதான். புதியவர் ரைஃபிளைத் தோளில் வைக்கிறார், கன்னத்தை ஸ்டாக்கில் பதிக்கிறார். கண்ணாடிக்குள் புள்ளி இல்லை. தாடையைத் தூக்குகிறார். கன்னம் விலகி, தாடை நுனி மட்டும் கட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. புள்ளி வந்துவிட்டது, சுடுகிறார். அடுத்த முறை தாடை ஒரு விரற்கடை மேலே போயிருக்கும், மறுபடியும் புள்ளியைத் தேடுகிறார். வேகத்துக்காக வாங்கிய சைட், தேடுவதிலேயே நேரத்தைத் தின்கிறது. பத்தாவது சுற்றில் கழுத்தைத் தடவ ஆரம்பித்துவிடுகிறார்.

உயரத்தை வீட்டிலேயே அளந்துவிடலாம். காலியான ரைஃபிளைத் தோளில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் இயல்பாக எங்கே உட்காருகிறதோ அங்கே பதியுங்கள். கண்ணை மூடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திறந்திருந்தால் தலை தானாகவே சைட்டைத் தேடி நகரும். இப்போது கண்ணைத் திறந்து, அசையாமல் இருங்கள். பக்கவாட்டில், உங்கள் தோளுக்கு அருகே நிற்கும் ஒருவர், ரெயிலின் மேல்மட்டத்திலிருந்து உங்கள் கண்மணி வரை எத்தனை மி.மீ. என்று அளக்கட்டும். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். லென்ஸின் நடு அந்த உயரத்தில் வர வேண்டும்.

ஏ.ஆர்.-15 போன்ற ஏ.ஆர். வகை நேர்க்கட்டை ரைஃபிளில் மூன்று உயரங்கள் வழக்கத்தில் உள்ளன. சுமார் 36 மி.மீ. என்றால் புள்ளியும் இரும்புச் சைட்டும் (ரைஃபிளின் மேல் உள்ள கண்ணாடியில்லாத உலோகக் குறி) ஒரே கோட்டில் வரும். சுமார் 40 மி.மீ. என்றால் இரும்புச் சைட் கண்ணாடியின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். சுமார் 49 மி.மீ. என்றால் தலையை நிமிர்த்தியே பார்க்கலாம். என் கைக்கு 40 தான் ஒத்துவருகிறது. இரும்புச் சைட் அவசரத்துக்கு இருக்கிறது, மற்ற நேரத்தில் கண்ணை மறைப்பதில்லை. படுத்துச் சுடுவது அதிகம் என்றால் 49 பக்கம் போகாதீர்கள், கழுத்து தாங்காது.

மரக்கட்டை போட்ட வேட்டை ரைஃபிளுக்கும் .22-வுக்கும் கணக்கு வேறு. அவற்றின் கட்டை பின்னால் சரிந்து இறங்கும், கண் தாழ்வாக நிற்கும். கிடைப்பதிலேயே தாழ்வான மவுண்ட் எடுங்கள். ஏ.ஆருக்கான உயர மவுண்டோடு சேர்த்து விற்கும் சைட்டை அப்படியே இதில் மாட்டியதால்தான் மேலே சொன்ன தாடைக் கதை நடக்கிறது.

உயரம் கூடக்கூட இன்னொரு விலையும் உண்டு. லென்ஸின் நடு குழலைவிட 6.5 செ.மீ. மேலே இருக்கிறது, 50 மீட்டரில் ஜீரோ செய்திருக்கிறீர்கள், அதாவது அந்தத் தூரத்தில் குண்டு புள்ளியிலேயே படும்படி சைட்டைச் சரிசெய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டரில் குண்டு புள்ளிக்குச் சுமார் 5 செ.மீ. கீழே படும். குறுகிய தூரத்தில் எல்லாச் சுடும் கீழே போகிறது என்று சைட்டைத் திருகத் தொடங்குவது சகஜமான தவறு. திருகாதீர்கள், அந்தத் தூரத்தில் மேலே பிடித்துச் சுடுங்கள்.

5. எந்த வகை

திறந்த வகையில் ஒரே ஒரு லென்ஸ், பின்னால் வெட்டவெளி. எடை குறைவு, பார்வை விசாலம். ஆனால் எல்.இ.டி. வெளியே திறந்திருக்கும், ஒரு மழைத்துளியோ தூசியோ அதன்மேல் உட்கார்ந்தால் புள்ளி சிதைந்துவிடும் அல்லது காணாமல் போகும். மூடிய வகையில் முன்னும் பின்னும் கண்ணாடி. தண்ணீர் பட்டால் துடைத்துவிட்டுச் சுடலாம். வெளியில் சுடும் ரைஃபிளுக்கு நான் யோசிக்காமல் மூடியதையே சொல்வேன்.

ஹோலோகிராஃபிக் தனி ஜாதி. உள்ளே லேசர் டயோடு, பெரிய சதுரச் சாளரம், நடுவில் 1 எம்.ஓ.ஏ. (கோண அளவு, அடுத்த படியில் சொல்கிறேன்) புள்ளியைச் சுற்றிப் பெரிய வளையம். பெரிய வளையம் கண்ணை இழுக்கும், நுண்ணிய புள்ளி துல்லியம் தரும். எடையும் பேட்டரிச் செலவும்தான் பாதகம். பிரிஸத்தைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். கண்ணைச் சுமார் 6 முதல் 10 செ.மீ.க்குள் வைத்தாக வேண்டும் என்பது அதன் கட்டுப்பாடு, மற்ற வகைகளில் அப்படி எதுவும் இல்லை.

6. புள்ளியின் அளவு

எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது 2.9 செ.மீ. மற்றதெல்லாம் பெருக்கல்தான். 2 எம்.ஓ.ஏ. புள்ளி 100 மீட்டரில் 5.8 செ.மீ. அகலத்தை மறைக்கும், 50 மீட்டரில் 2.9 செ.மீ. 6 எம்.ஓ.ஏ. புள்ளி 100 மீட்டரில் 17 செ.மீ.க்கு மேல் மறைத்துவிடும்.

முதல் படியில் எழுதிய இலக்கின் அகலத்தை எடுங்கள். அதில் பாதிக்கு மேல் புள்ளி மறைக்கக் கூடாது என்பது என் கணக்கு. மறைத்தால் நடு எது என்று கண்ணுக்குத் தெரியாது. ரைஃபிளுக்கு 2 எம்.ஓ.ஏ. எடுத்தால் பெரும்பாலும் தவறாது. பெரிய புள்ளி வேகமானது என்பது உண்மைதான், ஆனால் வெளிச்சத்தைக் கூட்டினால் 2 எம்.ஓ.ஏ. புள்ளியும் பெரிதாகத் தெரியும். பெரியதைச் சிறிதாக்க வழியில்லை.

பின்னால் 3 மடங்கு மேக்னிஃபையர் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: அது இலக்கோடு புள்ளியையும் பெரிதாக்கும், மறைக்கும் அளவு மாறாது.

7. வெளிச்சமும் பேட்டரியும்

பெட்டியில் 50,000 மணி நேரம் என்று எழுதியிருக்கும். கணக்குப் போட்டால் ஐந்தரை ஆண்டுக்கும் மேல். இது நடுத்தர வெளிச்சத்தில் வரும் எண். முழு வெளிச்சத்தில் வைத்து மறந்துவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. பல ஹோலோகிராஃபிக் சைட்டுகளில் இது 600 முதல் 1,000 மணி நேரம்தான், அணைக்காமல் வைத்தால் ஆறு வாரம்கூடத் தாங்காது.

அசைத்தால் விழிக்கும் வசதி உள்ளது நல்லது, அணைக்க மறப்பவர்களுக்கு அது காப்பு. பேட்டரி மாற்ற சைட்டைக் கழற்ற வேண்டுமா என்று கட்டாயம் கேளுங்கள். அடியில் பேட்டரி வைத்த சைட்டை ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டி, ஜீரோவைச் சரிபார்த்தாக வேண்டும். மேலேயோ பக்கத்திலோ மூடி இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

சி.ஆர். 2032 எங்கும் கிடைக்கும். குழந்தைகள் விழுங்காமலிருக்க சில தயாரிப்புகளில் கசப்புப் பூச்சு இருக்கும், அது சில சைட்டுகளில் மின் தொடர்பைக் கெடுக்கிறது. புது பேட்டரி போட்டும் விட்டுவிட்டு எரிந்தால் முதலில் பூச்சில்லாத ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பூச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

8. உதைப்பைத் தாங்குமா

.22 ரிம்ஃபயரில் எந்தச் சுமாரான சைட்டும் பிழைத்துக்கொள்ளும். பெரிய தோட்டா என்றால் எந்தக் காலிபர் வரை தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஏமாற்றுவது ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். தோளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் பிஸ்டன் ஓடும்போது ரைஃபிள் பின்னால் போய், அது முடிவில் நிற்கும்போது முன்னால் எகிறும். பின்னுதைப்பை மட்டும் எண்ணிச் செய்த சைட்டை இந்த இருவழி உதைப்பு சீக்கிரமே குலைத்துவிடும். ஏர் ரைஃபிளுக்கும் ஆகும் என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

9. கையில் வாங்கிப் பார்க்கும்போது

வாசலுக்குப் போய் வெயிலில் வெள்ளைச் சுவரைப் பாருங்கள். அதிகபட்ச வெளிச்சத்திலும் புள்ளி தெரியவில்லை என்றால் வேண்டாம். பிறகு இருண்ட மூலையில் குறைந்தபட்ச வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே புள்ளி டார்ச் மாதிரி எரிந்தாலும் வேண்டாம். லென்ஸ் வழியே எல்லாம் லேசாக நீலம் பூத்துத் தெரியும், அது சிவப்பைத் திருப்பும் பூச்சின் வேலை, குறை இல்லை.

அடுத்து, சைட்டை ஒரு மேசைமேல் அசையாமல் வைத்து, 25 மீட்டர் தூரத்தில் ஏதாவது ஒரு குறியில் புள்ளியை நிறுத்துங்கள். சைட்டைத் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்துங்கள். புள்ளி குறியை விட்டு எவ்வளவு நகர்கிறதோ அதுதான் பாரலாக்ஸ். துளிகூட நகராத சைட் கிடையாது, விளம்பரம் என்ன சொன்னாலும். ஓரத்துக்குப் போகும்போது கொஞ்சம் நகர்ந்தால் சரி. நடுப்பகுதியிலேயே அலைந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

10. மாட்டுவதும் ஜீரோவும்

திருகையும் துளையையும் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடையுங்கள். மவுண்டை ரெயிலில் வைத்து, குழல் முனையின் பக்கமாகத் தள்ளிப் பிடித்தபடி முடுக்குங்கள். உதைப்பில் ரைஃபிள் பின்னால் போகும்போது சைட் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும், அதாவது ரெயிலில் முன்னோக்கி நகரும். முதலிலேயே அங்கே முட்டுக் கொடுத்துவிட்டால் நகர இடமிருக்காது. முடுக்கும் அளவு கையேட்டில் இருக்கும், டார்க் ரெஞ்சில் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி) அதே அளவு வையுங்கள். சைட்டுக்கும் மவுண்டுக்கும் நடுவே உள்ள திருகில் ஒரு துளி நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போதும்.

இதைச் செய்யாமல் ஒரு முழு மதியத்தை வீணாக்கியவன் நான். குழு இடப்பக்கம் போனது, திருகினேன். வலப்பக்கம் போனது, மறுபடி திருகினேன். தோட்டா தீரும் நேரத்தில் சைட்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், ஆடியது.

ஜீரோவுக்கு முதலில் 25 மீட்டர், மணல் மூட்டை மேல் ரைஃபிள், மூன்று சுடு. ஒரு சுடைப் பார்த்துத் திருகாதீர்கள், மூன்றின் நடுவைப் பாருங்கள். தாளில் நடுவுக்கு அருகே வந்ததும் 50 மீட்டருக்குப் போங்கள். சைட்டில் உள்ள சரிசெய்யும் திருகின் ஒரு கிளிக் 1 எம்.ஓ.ஏ. என்றால் 50 மீட்டரில் குண்டு சுமார் 1.45 செ.மீ. நகரும். குழு 6 செ.மீ. கீழேயும் 3 செ.மீ. இடமாகவும் இருந்தால், மேலே 4 கிளிக், வலமாக 2 கிளிக். அந்தத் திருகின் அம்புக்குறி காட்டுவது குண்டு போகும் திசையை, புள்ளி போகும் திசையை அல்ல. புள்ளி எதிர்ப்பக்கம் நகர்வதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். இந்த வேலை முழுக்க புள்ளி மங்கலாக, தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் வெளிச்சத்தில் நடக்கட்டும், குழு இறுகும்.

முடிந்ததும் திருகின் தலையிலிருந்து மவுண்டின் மேல்வரை பெயின்ட் பேனாவால் ஒரு மெல்லிய கோடு இழுங்கள். 50 சுடுக்குப் பிறகு பாருங்கள். கோடு முறிந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது, முடுக்கிவிட்டு 50 மீட்டரில் மறுபடி மூன்று சுடு. பேட்டரி மூடியின் உள்பக்கத்தில் இன்றைய தேதியையும் எழுதிவையுங்கள்.